நாலு வயது வரை

என் சித்தி கதை சொல்ல வேண்டுமென்றால் தையல் மெஷின் ஓட வேண்டும். நூல் அறுந்தால் கதையும் அறுந்துவிடும். அவள் மறுபடி கோத்து முடிக்கும்வரை என் அம்மா ஏரியின் நடுவிலேயே மிதந்துகொண்டிருப்பாள், முதுகில் என்னையும் சுமந்துகொண்டு. நான் தரையில் துணி வெட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, "அப்புறம்? அப்புறம்?" என்று உயிரை எடுப்பேன். சித்தி நூல் முனையை நாக்கில் ஈரப்படுத்தியபடி, "இரு, உங்கம்மா கொஞ்சம் மூச்சு வாங்கிக்கட்டும்" என்பாள்.

எனக்கு நாலு வயதாக இருக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அதுவரை நடந்ததெல்லாம் சித்தியிடம் பத்திரமாக இருந்தது. அம்மாவும் நானும் ஏரியில் நீந்தியது. கொடியில் காயும் ஈரப் போர்வைகளுக்கு நடுவே மொட்டை மாடியில் ஓடிப் பிடித்தது. மழைக்குப் பெரிய கறுப்புக் குடைக்குள் ஒண்டிக்கொண்டு, கம்பிகளின் நுனியில் சொட்டும் துளிகளில் எது முதலில் விழும் என்று பந்தயம் கட்டியது. பாலத்துக்கு அடியில் நின்று, தலைக்கு மேலே ரயில் போகும்போது இருவரும் தொண்டை கிழியக் கத்தியது. சித்தி ஒரு கதையை எத்தனை முறை சொன்னாலும் ஒரு வார்த்தை முன்னே பின்னே போகாது. சட்டைக்கு எடுத்த அளவை எப்படி மாற்ற மாட்டாளோ, அப்படித்தான் இதையும் மாற்ற மாட்டாள்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். சாயங்காலம் வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு கேட்பார். டீ ஆறி ஏடு கட்டிவிடும். தன் மனைவியின் கதையைத் தானே புதிதாகக் கேட்பதுபோல அந்த மனுஷர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது எனக்கு வேடிக்கையாக இருக்கும். ஒரு நாள், "அந்த ஏரி எங்கப்பா இருக்கு?" என்று கேட்டேன். "சித்தியைக் கேளு, அவளுக்குத்தான் தெரியும்" என்றார். நான் ஓவியக் கல்லூரியில் இருந்தபோது அவரும் போய்விட்டார். பிறகு நானும் சித்தியும் மட்டும்தான்.

கேட்டுக் கேட்டு அவை என் ஞாபகங்களாகவே ஆகிவிட்டன. ஏரித் தண்ணீர் காதுக்குள் புகுந்து 'கும்'மென்று அடைத்தது எனக்குத் தெரியும். ஈரப் போர்வை கன்னத்தில் உரசியதும் அதில் வீசிய சோப்பு வாசனையும் தெரியும். "அந்த வயசுல நடந்தது யாருக்கும் இவ்வளவு ஞாபகம் இருக்காது" என்று தோழிகள் சொல்லும்போது எனக்கு உள்ளூரக் கர்வமாக இருக்கும். மற்றவர்களுக்கு அம்மா இருந்தார்கள், தினமும் திட்டினார்கள், அதனால் எதுவும் ஞாபகமில்லை. எனக்கு நாலு வருடம்தான் கொடுத்தார்கள். நான் ஒரு துளி சிந்தாமல் வைத்திருந்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வரைவதும் இவற்றைத்தான். வேறு எதையாவது வரையலாமென்று பூ, பழம், துறைமுகம் என்று கை வைத்துப் பார்த்திருக்கிறேன். எல்லாம் காலண்டர் படம்போல வந்து நிற்கும். அம்மா வந்தால்தான் கைக்கு உயிர் வரும். என் படங்களில் ஒரு வினோதம் உண்டு. எல்லாமே அண்ணாந்து பார்த்ததாக இருக்கும். குடையின் உள்பக்கம், பறவையின் வயிறு, ரயிலின் அடிப்பாகம், காற்றில் உப்பிய போர்வையின் அடிமடிப்பு, அம்மாவின் தாடைக்குக் கீழே கழுத்து. எதையும் மேலிருந்தோ நேராகவோ எனக்கு வரைய வராது. "குழந்தையின் கண்" என்று பத்திரிகையில் எழுதினார்கள். நானும், குழந்தை அண்ணாந்துதானே பார்க்கும் என்று தலையாட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்தப் படங்களையெல்லாம் ஒரே இடத்தில் வைத்து, முதல் முறையாக என் பெயரில் தனிக் கண்காட்சி. ஊரின் பெரிய அரங்கம். வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை: 'நான் பார்த்த அம்மா'. மறுநாள் காலையில் திறப்பு. அன்று மதியம், ஆணியடித்து முடித்த ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் செக்கிங் மாமா வந்து சேர்ந்தார்.

இவர் அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை தூரத்து ஊர்களில். எப்போதாவது வருவார், சித்தியோடு எதற்காவது சண்டை போடுவார், அடுத்த ரயிலுக்குக் கிளம்பிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் கண்ணில் அந்தப் பரிசோதனை போகவில்லை. கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியைக்கூட, இதில் யார் டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பதுபோல்தான் பார்ப்பார்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு படத்தின் அருகிலும் நின்றார். சில படங்களின் பின்பக்கத்தையும் எட்டிப் பார்த்தார். ஏரிப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "இது யாரு?" என்றார்.

"அம்மா."

"அது தெரியுது. அசல் அவளேதான். எப்படிப் பிடிச்சே? முதுகுல இருக்கிற குழந்தை யாரு?"

"நான்தான் மாமா. எனக்கு ரெண்டு வயசு."

மாமா என்னைப் பார்த்தார். கிழிந்த டிக்கெட்டைப் பார்ப்பதுபோல. "நீ எப்படி?"

"எப்படின்னா? அம்மா என்னைத் தூக்கிட்டுப் போனாங்க. சித்தி உங்ககிட்ட சொன்னதில்லையா?"

"உங்கம்மாவுக்கு நீச்சலே தெரியாதும்மா. வாளித் தண்ணியில கால் வைக்கக்கூட யோசிப்பா." அவர் குரல் இறங்கிவிட்டது. "அவ உன்னைக் கையில வெச்சிருந்ததே ஒரு வாரம்தான். ரத்தம் நிக்கல. அதோட போயிட்டா. உனக்கு... உனக்கு இது தெரியாதா?"

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். என்ன சொன்னேன் என்பது ஞாபகமில்லை. ஞாபகத்தைப் பற்றி இனி நான் என்ன பெருமை பேசுவது! அரங்கத்தைச் சுற்றிப் பார்த்தேன். சுவர் சுவராக அம்மா இருந்தாள். ஒவ்வொரு படத்திலும் அவள் இடுப்பிலோ முதுகிலோ கைப்பிடியிலோ ஒரு குழந்தை. அந்தக் குழந்தைக்கு அங்கே இருக்க எந்த நியாயமும் இல்லை. படங்கள் பொய்யானால் போகட்டும், கழற்றிவிடலாம். நாலு பேர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் என் அம்மாவே போய்விட்டாளே! எனக்கு நாலு வருடம் இருந்த அம்மா, அந்த மதியம் ஒரு வாரமாகச் சுருங்கிவிட்டாள்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அன்று தலைக்கே ஏறிவிட்டது. செருப்பை மாட்டினேனா இல்லையா என்றுகூடத் தெரியாமல் கிளம்பினேன். மாமா, "வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேனே, வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேனே" என்று புலம்பிக்கொண்டே பின்னால் ஓடிவந்து நான் பிடித்த வண்டியிலேயே ஏறிக்கொண்டார்.

சித்தி சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "அண்ணா, உளறிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

"இத்தனை வருஷமா என் காதுல பூ சுத்தியிருக்கே சித்தி!" என்றேன். கத்தினேன் என்பதே சரி. "அம்மாவுக்கு நீச்சல் தெரியாதாமே! நாலு வயசு வரைக்கும் இருந்தாங்கன்னு சொன்னியே! நான் அதையெல்லாம் வரைஞ்சு, ஊர் பூரா பலகை வெச்சு... ஏன் இப்படிப் பொய் சொன்னே?"

சித்தி கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். அவள் கூனிக் குறுகுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு என்னைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"யாருடீ பொய் சொன்னது? நான் என் வாழ்க்கையில ஒரு கதை கட்டினது கிடையாது. எனக்கு அந்த அளவுக்கு மூளையும் கிடையாது. எல்லாம் உங்கம்மா சொன்னது."

"எப்போ சொன்னாங்க?"

"நீ வயித்துல இருக்கும்போது."

நான் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன். மாமா மெல்ல ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அம்மாவுக்குக் கர்ப்பத்திலேயே ரத்தம் படத் தொடங்கியதாம். குழந்தை தங்க வேண்டுமானால் காலைத் தரையில் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போதிருந்த பழைய வீட்டின் முன்னறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டார்கள். கால்மாட்டில் செங்கல் அடுக்கி உயர்த்தினார்கள். தலை தாழ்ந்து, கால் உயர்ந்து, மல்லாந்தபடியே கிடந்தாள். புரண்டு படுக்கக்கூடப் பயம். அப்பா காலையில் கிரேனுக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். பகல் முழுக்கக் கூட இருந்தது சித்திதான். மெஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, வந்த துணிகளைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"செங்கல் நான்தான் கொண்டுவந்து அடுக்கினேன்" என்றார் மாமா. "லீவு முடிஞ்சுபோச்சுன்னு மறுநாளே கிளம்பிட்டேன்."

"நீ போன அன்னிக்குத்தான் சொல்ல ஆரம்பிச்சா. 'இவ பொறந்ததும் இப்படிப் பண்ணுவேன்'னு இல்ல. நேத்து நடந்ததைச் சொல்ற மாதிரி. 'நேத்து இவளைக் குளிப்பாட்டினேன்டீ, வலது காதுல தண்ணி போயிடுச்சுன்னு என்ன அழுகை'ன்னு சொன்னா. எனக்குப் பயமாப் போச்சு, இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு. அப்புறம் மறுநாள், 'இன்னிக்கு இவ நின்னுட்டா'ன்னா. அதுக்கப்புறம் எனக்கும் ஆசை வந்துடுச்சு. காலையில மெஷின்ல உட்காரும்போதே கேப்பேன், 'அக்கா, நேத்து என்ன பண்ணினா?'ன்னு."

"பொண்ணுன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அவளே முடிவு பண்ணிட்டா. நான் என்ன, உங்கம்மாகிட்ட வாதாட முடியுமா?" சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மூணு மாசம் படுத்திருந்தாடீ. அந்த மூணு மாசத்துக்குள்ள உன்னை நாலு வயசு வரைக்கும் வளர்த்துட்டா."

சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள்.

"அவ போனப்புறம் உன்னை என் கையில குடுத்தாங்க" என்றாள் சித்தி. "இதெல்லாம் என்கிட்ட இருக்கு. நடந்திருக்க வேண்டியது. நடக்க விடல. அதுக்காகத் தூக்கிப் போட்டுடறதா? உனக்கு உண்டானது, உன்கிட்டக் குடுத்தேன். கதை நாலு வயசோட தீர்ந்துபோச்சு. அதுக்கு மேல என்கிட்ட எதுவும் இல்ல. அதனாலதான் அவ உன் நாலு வயசுல போனதாச் சொன்னேன்."

"அப்பா?"

"அவருக்கு மட்டும் என்ன தெரியும்? அவ பகல்ல என்கிட்டச் சொன்னது. சாயங்காலம் அவர் வந்தா தூங்கிடுவா. நான் உனக்குச் சொல்லும்போதுதான் அவர் முதல் தடவையாக் கேட்டார். 'தயவு செஞ்சு நிறுத்தாதே'ன்னார் என்கிட்ட."

நிலைப்படியில் சாய்ந்து நின்ற அந்த மனுஷரை நினைத்தேன். அவர் வேடிக்கை பார்க்கவில்லை. தன் மனைவி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஒன்று எனக்கு உறைத்தது. அதைச் சொல்ல முதலில் எங்கள் தொழிலில் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒரு படம் எங்கிருந்து பார்க்கப்பட்டது என்பதை அந்தப் படமே காட்டிக்கொடுத்துவிடும். பார்த்தவர் நின்றாரா, உட்கார்ந்தாரா, மாடியில் இருந்தாரா என்பதை மறைக்கவே முடியாது. நான் என் படங்களை ஒவ்வொன்றாக மனதில் மாட்டிப் பார்த்தேன். குடையின் உள்பக்கம் இருக்கிறது. மழைத் தண்ணீர் ஓடும் தெரு இல்லை. போர்வைகள் இருக்கின்றன, மாடியின் தளம் இல்லை. ரயிலின் வயிறு இருக்கிறது. பாலத்துக்கு அடியில் கல்லோ மண்ணோ இல்லை. ஒரு படத்தில்கூட யாருடைய பாதமும் இல்லை. ஒரு படத்தில்கூடத் தரை இல்லை!

குழந்தையின் கண்ணாம், குழந்தையின் கண்! குழந்தைக்குத் தரைதானே உலகம். எறும்பும் செருப்பும் உடைந்த பொத்தானும் துணி வெட்டும்தானே அதன் கண்ணில் படும். தரையே தெரியாமல் மேலே மட்டும் பார்ப்பது மல்லாந்து படுத்திருக்கிற ஒருத்திதான். தலை தாழ்ந்து, ஜன்னலை ஒட்டி, புரளவும் முடியாமல்.

"சித்தி, அந்த ஜன்னல் வழியா என்ன தெரியும்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "எதிர்வீட்டு மாடியில கொடி கட்டியிருக்கும், போர்வையெல்லாம் தொங்கும், அதோட அடிப்பக்கம் தெரியும். மேல கொஞ்சம் வானம். பறவை போகும். தள்ளி ரயில் பாலம், அதுல போற வண்டியோட கீழ்ப்பக்கம். எதிர்வீட்டுப் பொம்பளை மாடியில குடை பிடிச்சுட்டு வந்து நின்னா, குடையோட கம்பி. அவ்வளவுதான். அதை வெச்சுத்தான் எல்லாம் சொன்னா. எனக்கு உட்கார்ந்து பார்த்தா சந்தும் குப்பைத் தொட்டியும்தான் தெரியும்."

எத்தனை வருடம் தூரிகையைப் பிடித்திருக்கிறேன்! கையெல்லாம் என்னுடையது, வண்ணமெல்லாம் நான் குழைத்தது. பார்த்தது மட்டும் நான் இல்லை. ஒரு ஜன்னல் அளவு வானத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி எனக்கு ஏரியும் மழையும் ரயிலும் செய்திருக்கிறாள். அவள் கண் இருந்த உயரத்தைக்கூடச் சித்தி மாற்றாமல் கொண்டுவந்து என்னிடம் சேர்த்திருக்கிறாள். நான் அம்மாவைப் பார்த்து வரைந்ததாகத்தான் நினைத்திருந்தேன். அம்மாவின் கண்ணுக்குள் இருந்துகொண்டு வரைந்திருக்கிறேன்.

நான் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. துக்கத்தால் இல்லை. இவ்வளவு பெரிய ஒன்றை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பது தாங்க முடியாமல் வந்தது.

மாமாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "என்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே அவ" என்றார், சின்னப் பையனைப்போல.

"நீதான் லீவு இல்லைன்னு ஓடிட்டியே" என்றாள் சித்தி. பிறகு அவளுக்கே பாவமாகிவிட்டது போலும், அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

"அந்த ஒரு வாரம்?" என்று கேட்டேன். "நான் பொறந்தப்புறம்? அப்போ எதுவும் சொல்லலையா?"

"பேசத் தெம்பு இல்ல. உன்னைப் பக்கத்துல போட்டுக்கிட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தா. தான் சொன்ன மாதிரியே இருக்காளான்னு சரிபார்க்கிற மாதிரி." சித்தி டீத்தூள் டப்பாவைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டாள். "நாளைக்கு என்ன பண்ணப் போறே? எல்லாத்தையும் கழட்டிடப் போறியா?"

"கழட்ட மாட்டேன். பலகையில மட்டும் ஒரு பேரைச் சேர்க்கணும். பார்த்தது அம்மா, வரைஞ்சது நான்னு."

"அதுதான் முறை" என்றார் மாமா. "ஒரு டிக்கெட்டுல ரெண்டு பேர் போகக் கூடாது."

மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகும் எனக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. சித்தியின் கதைகளில் நான் வரையாதது ஒன்றே ஒன்று உண்டு. கடைசிக் கதை. முதல் நாள் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறாள். வாசலில் என் கையை விடுகிறாள். நான் அழுதுகொண்டு நிற்கிறேன்; அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுகிறாள். கொஞ்ச நாளில் காய்ச்சல் வருகிறது. அந்தப் படத்தைப் பலமுறை தொடங்கி, பலமுறை சுரண்டி எடுத்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், அந்த வாசலில் எனக்கு அம்மா மேல் தீராத மனத்தாங்கல் இருந்தது. சாகப் போகிறவள் ஒரு முறை திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா? வளர்ந்த பிறகும், யாராவது என்னைவிட்டுக் கிளம்பினால் எனக்கு அந்த முதுகுதான் கண் முன்னால் வரும்.

"சித்தி, அந்தப் பள்ளிக்கூட வாசல்? அதுவும் அம்மா சொன்னதுதானா?"

"அதுதான் கடைசியாச் சொன்னது. மத்தியானம். 'மணி அடிச்சாச்சு, எல்லாப் பிள்ளைங்களும் உள்ள போகுதுங்க, நானும் இவளும் வாசல்லயே நிக்கிறோம், கையைப் பிடிச்சிருக்கேன்'னு சொன்னா. சொல்லிக்கிட்டு இருக்கும்போதே வலி எடுத்துடுச்சு. நான் வண்டி பிடிக்க ஓடினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நீ பொறந்தே."

"இல்ல சித்தி. கையை விட்டாங்களே. திரும்பிப் பார்க்காமப் போனாங்களே."

சித்தி முதல் முறையாகத் தலை குனிந்தாள்.

"அது நான் போட்ட ஒட்டு. கதையை எப்படியாவது முடிக்கணுமே. யாராவது கையை விட்டாத்தானே குழந்தை பள்ளிக்கூடத்துக்குள்ள போக முடியும்? அவ சொன்ன கதையில அந்த ஒரு இடம்தான் என்னுது."

"அப்போ அம்மா?"

"அவ கையை விட்டதாச் சொல்லவே இல்லையே" என்றாள் சித்தி.